பிள்ளை பேரில் ஒரு நேர்ச்சை

ஆவூர்
8-3-2025

இலக்கியா அப்பாவுக்கு,

ரஞ்சனி எழுதுவது. கடிதம் வந்திருக்கிறதே என்று பயந்துவிடாதீர்கள், இங்கே எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம். போனில் பேசினால் மாமா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. காகிதம் என்றால் முழுசாகப் படிப்பீர்கள், கோபத்தில் கட் பண்ணவும் முடியாது.

தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு கோவிலில் இருந்து வந்தோம். பிள்ளை வழக்கம்போலச் சின்னக் கஞ்சிராவை எடுத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள். மாமா அதை வாங்கிப் பரணில் போட்டார். "ஈஸ்டர் வரைக்கும் இந்த வீட்ல பாட்டும் கெடையாது, கொட்டும் கெடையாது. பிள்ளைக்குக் கை சரியாகணும்னு ஒம் புருசன் நேர்ந்திருக்கான். பிள்ளையும் சேந்துதான் அனுசரிக்கணும்" என்றார். என் புருசன் என்ன நேர்ந்துகொண்டார் என்பதை மாமனார் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறேன்.

ஓசூருக்குப் போனதில் உங்களுக்கு மறந்திருக்கலாம், அதனால் முதலில் இருந்து சொல்கிறேன். ஏழு மாதத்தில் பிறந்த பிள்ளை. நாலரை வயதாகியும் இரண்டு கட்டைவிரலும் உள்ளங்கைக்குள் மடங்கியே கிடக்கின்றன. ஸ்பூன் பிடிக்க வராது, பட்டன் போட வராது, க்ரேயானை மொத்தக் கையால் அமுக்கிப் பிடிக்கிறாள். திருச்சி டாக்டர் ஏப்ரல் 22 அன்று வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் கட்டைவிரல்கள் வெளியே வரப் பழகாவிட்டால் ஆபரேஷன் என்று உங்களை வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்தப் பழக்கத்துக்குத்தான் தெரபி கொடுக்கும் தேவிப்ரியா மேடம் பாட்டைச் சொல்லித் தந்தார். "தெற, தெறன்னு சொன்னா கை பயந்து இன்னும் மூடிக்கும்மா. தாளம் எப்ப விழும்னு தெரிஞ்சா அதுக்கு முன்னாடியே தயாராயிரும்" என்றார். முதலில் காலைத் தட்டி ஆட வேண்டும், பிறகு தோள், பிறகு கைதட்டல், கடைசியில்தான் விரல். தாளத்துக்கு ஒரு துணிக் கிளிப்பாக எடுத்து வாளி விளிம்பில் மாட்டுவாள். ஜனவரியில் இருந்து செய்கிறோம். போன மாதக் கடைசியில் இடது கட்டைவிரல் தாளத்துக்குக் கொஞ்சம் எழும்பியது. நான் அழுதுவிட்டேன். அதை உங்களிடம் சொல்லலாம் என்று போன் பண்ணிய அன்றுதான் நமக்குள் வேறு ஏதோ சண்டை வந்தது.

மாமாவைக் கூப்பிட்டு நேர்ச்சையை விட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ரஞ்சனி


ஓசூர்
13-3-2025

அன்புள்ள ரஞ்சனி,

மரியே வாழ்க. கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன்.

உன்னிடம் சொல்லாதது தப்புதான். சொன்னால் சிரிப்பாய் என்று நினைத்தேன். தவக்காலத்தில் ஆளாளுக்கு ஒன்றை விடுகிறார்கள். கறியை விடுகிறார்கள், பீடியை விடுகிறார்கள். எனக்கு இரண்டும் பெரிதில்லை. கோவில் பேண்டில் டிரம் அடித்து வளர்ந்தவன் நான். நம் வீட்டில் பெரிய பொருள் பாட்டுதான். பிள்ளைக்கும் அதுதான் உயிர். சின்னதைக் கொடுத்துவிட்டுப் பெரியதைக் கேட்கக் கூடாது என்று தோன்றியது.

இன்னொன்றும் சொல்கிறேன். பிள்ளை பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில் நான் எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை. ஆண்டவரிடம் பேரம் பேசக் கூசியது. பிறகு விரலைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்குக் கேட்காமல் விட்டதால்தான் இப்படியோ என்று மனசு அரிக்கிறது. இந்தத் தடவை கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு பின்வாங்க எனக்குத் தைரியம் இல்லை.

நீ பயிற்சியை நிறுத்த வேண்டாம். பாட்டு மட்டும் இல்லாமல் செய். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சொல், அவள் கிளிப்பை மாட்டட்டும். ஈஸ்டர் வரைக்கும்தானே. திருவரங்குளத்தில் இருந்து வந்தவள் நீ, தவக்கால நேர்ச்சையும் கட்டுப்பாடும் உனக்குப் புதிது. அப்பாவோடு மல்லுக்கு நிற்காதே.

இங்கே இந்த மாதம் நைட் ஷிஃப்ட். உடம்பைப் பார்த்துக்கொள்.

பிராங்க்ளின்


ஆவூர்
21-3-2025

இலக்கியா அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே எண்ணிப் பார்த்தேன். வாளியை முன்னால் வைத்து, கிளிப் டப்பாவைத் திறந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்றேன். பிள்ளை என் முகத்தையே பார்த்தாள். கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு, "ஏம்மா திட்டுற?" என்றாள். நான் மெதுவாகத்தான் எண்ணினேன். மறுநாள் இன்னும் மெதுவாக எண்ணினேன். கிளிப்பைக் கையில் திணித்தால் கீழே போட்டுவிட்டு அழுகிறாள். அழும்போது பத்து விரலும் இறுகிவிடுகின்றன. இதைத்தான் ஈஸ்டர் வரைக்கும் செய்யச் சொல்கிறீர்கள்.

அங்கன்வாடியிலாவது பாடி ஆடட்டும் என்று விட்டிருந்தேன். மாமா அங்கேயும் போய்ச் சொல்லிவிட்டார். செல்வராணி டீச்சர் பாவம், ஊர்ப் பெரியவர் பேச்சைத் தட்ட முடியாமல், கும்மி நேரத்தில் இலக்கியாவைக் கதவோரப் பாயில் உட்கார வைத்துப் பொரி கொடுத்துவிடுகிறார். மற்ற பிள்ளைகள் வட்டமாகச் சுற்றித் தட்டுகின்றன. இவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "நான் நேர்ச்சையில இருக்கேன்" என்று பெருமையாகக்கூடச் சொன்னாளாம். உடனே ஒரு பொடிசு, "என்ன தப்புப் பண்ணுன?" என்று கேட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள், "நான் என்னம்மா பண்ணுனேன்?" என்று. பதில் நீங்கள் எழுதுங்கள், படித்துக் காட்டுகிறேன்.

நேர்ச்சை எனக்குப் புதிது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டிலும் நேர்ந்துகொள்வார்கள். மொட்டை போடுவார்கள், காவடி எடுப்பார்கள், செருப்பில்லாமல் நடப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் தீர வேண்டும், அதற்காக மருந்தை நிறுத்துகிறேன் சாமி என்று யாரும் நேர்ந்து நான் பார்த்ததில்லை. நீங்கள் கொடுத்தது பாட்டை இல்லை, மருந்தை. அதுவும் உங்கள் மருந்தை இல்லை.

போன மாதம் எழும்பிய இடது விரல் மறுபடி உள்ளே போய்விட்டது. இந்த மாதக் கடைசி வரை பார்ப்பேன். நேர்ச்சையை விட்டதாக உங்களிடம் இருந்து சொல் வராவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன்.

ரஞ்சனி


ஓசூர்
27-3-2025

ரஞ்சனி,

நீ துணி எடுத்து வைக்கிறாய் என்று அப்பா போன் செய்தார். எனக்கு எழுதிய பிறகு அவருக்குத் தெரியும்படி எதற்குச் செய்கிறாய் என்று தெரியவில்லை.

நான் சொல்வதைக் கேள். நேர்ந்ததை உடைத்தால் அது நேர்ந்தவன் தலையில் விழுவதில்லை, யாருக்காக நேர்ந்தோமோ அவர்கள் மேல்தான் விழும். இதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். மூடநம்பிக்கை என்று நீ சொல்லலாம். பகலில் நானும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பிள்ளையின் கையை வைத்துச் சோதித்துப் பார்க்க என்னால் முடியாது. உன்னால் முடிகிறதா?

இங்கே ரூமில் பசங்க பாட்டுப் போட்டால் நான் எழுந்து தெருவுக்குப் போய்விடுகிறேன். கம்பெனியில் பிரஸ் மெஷின் விடாமல் ஒரே கதியில் அடித்துக்கொண்டிருக்கும். விரல் தானாகத் தாளம் போட ஆரம்பிக்கும், பாக்கெட்டுக்குள் விட்டு மடக்கிக்கொள்வேன். சூப்பர்வைசர் என்னடா ஒளிக்கிறாய் என்று கேட்டார். ஏதோ ஊரில் உங்களைக் கட்டிப்போட்டுவிட்டு இங்கே நான் ஆடிப்பாடிக்கொண்டிருப்பதாக நினைக்காதே.

பிள்ளை கேட்ட கேள்விக்கு, அவள் எந்தத் தப்பும் பண்ணவில்லை என்று சொல். அப்பா சொல்லச் சொன்னார் என்று சொல்.

திருவரங்குளம் போவதென்றால் போ. ஆனால் அங்கே போய்ப் பாடினால், நான் வந்து கூப்பிட மாட்டேன். இதை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பிராங்க்ளின்


திருவரங்குளம்
3-4-2025

இலக்கியா அப்பாவுக்கு,

விலாசத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். திங்கட்கிழமை வந்துவிட்டேன். மாமா தடுக்கவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாலேயே வந்து, பிள்ளை தலையில் சிலுவை போட்டுவிட்டு, "பாடுனா அதுக்கு நீதான் பொறுப்புத்தா" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூட நானும் சத்தம் போட்டிருப்பேன். தணிந்து சொன்னாரே, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

என்னால் முடிகிறதா என்று கேட்டிருந்தீர்கள். முடியவில்லை. வந்த அன்று சாயங்காலம் வாளியை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தால் பாட்டு வரவில்லை. உங்கள் வார்த்தைதான் முன்னால் வந்து நின்றது. நான் பாடி, நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ற நினைப்பு வந்துவிட்டது. உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்திலேயே பெரிய கோபம் அதுதான். உங்கள் பயத்தை எனக்கும் ஏற்றிவிட்டீர்கள். கடைசியில் பிள்ளைதான் ஆரம்பித்தாள். சுருதியும் இல்லை ஒன்றும் இல்லை, பாதி வார்த்தை மறந்துபோயிருந்தது. நான் சேர்ந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சத்தம் கேட்டு வந்துவிட்டன. இப்போது தினமும் காலையிலும் சாயங்காலமும் கூடிவிடுகிறார்கள். குதித்து, தோளைக் குலுக்கி, கைதட்டி, பிறகு சுற்றி உட்கார்ந்து தாளத்துக்கு ஒரு புளியங்கொட்டை என்று டம்ளரில் போடுகிறார்கள். நேற்று இலக்கியா இடது கையால் கொட்டையைக் கிள்ளி எடுத்தாள். கட்டைவிரல் வெளியே வந்து ஆட்காட்டி விரலைத் தொட்டது. வலது கை இன்னும் அசையவில்லை. நாள் போதாதே என்று அடித்துக்கொள்கிறது மனசு.

வந்து கூப்பிட மாட்டேன் என்றீர்கள். சரி. 22ஆம் தேதி திருச்சியில் இருப்போம். அங்கே வருவதா வேண்டாமா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரஞ்சனி


ஓசூர்
8-4-2025

ரஞ்சனி,

பாடிவிட்டாய். இனி நடப்பதற்கெல்லாம் நீதான் பொறுப்பு. இடது விரல் வந்தது என்று எழுதியிருக்கிறாய், வலது விரல் ஏன் வரவில்லை என்று யோசித்தாயா? இத்தனை நாள் நான் வாயைக் கட்டி, கையைக் கட்டி

12-4-2025

மேலே எழுதியதோடு நிறுத்திவிட்டேன். கிழித்துப் போட்டிருக்கலாம். நான் எப்படி எழுத ஆரம்பித்தேன் என்று உனக்குத் தெரியட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

நேற்று இங்குள்ள கோவிலில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். மனைவி நேர்ச்சையை உடைத்துவிட்டாள், பரிகாரம் என்ன என்று கேட்டேன். சாமியார் வயசானவர். என்ன நேர்ச்சை என்று விவரம் கேட்டார். சொன்னேன். பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டார். பிறகு, "ஒம் பேர்ல நேர்ந்தா அது ஒன்னத்தான் கட்டும்பா. நாலரை வயசுப் பிள்ளையோடத எடுத்து நீ எப்பிடி நேர முடியும்? ஒம் பொண்டாட்டி எதையும் ஒடைக்கல" என்றார். வெளியே வந்து நின்றுகொண்டே இருந்தேன்.

உடனே அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். "சாமியாரு இன்னைக்கு இருப்பாரு, நாளைக்கு மாத்திப் போயிருவாரு. நீ நேர்ந்த எடம் அங்கனயேதான இருக்கு" என்று வைத்துவிட்டார்.

நான் சாமியார் பக்கமா, அப்பா பக்கமா என்று எனக்கே தெரியவில்லை. புத்தி ஒரு பக்கம் போகிறது, பயம் ஒரு பக்கம் நிற்கிறது. நீ பாடு என்று எழுத என் கை வரவில்லை. பாடாதே என்று இனி எழுத மாட்டேன். இவ்வளவுதான் என்னால் முடிந்தது.

22 அன்று லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்கும் என்று தோன்றவில்லை.

பிராங்க்ளின்


ஆவூர்
23-4-2025

இலக்கியா அப்பாவுக்கு,

ஆஸ்பத்திரியில் இருந்து நேற்று இங்கேயே வந்துவிட்டோம். போனில் நீங்கள் கேட்டதற்கு "ஒரு கை" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மாமா பக்கத்தில் இருந்தார், எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு இருந்தது. இப்போது விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் போனபோதே மாமா ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். விடிகாலை பஸ்ஸுக்கே கிளம்பி வந்திருக்கிறார். யாரும் கூப்பிடவில்லை. என்னிடம் பேசவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்.

டாக்டர் மேஜையில் பாசிமணிகளைக் கொட்டி எடுக்கச் சொன்னார். பிள்ளை எடுக்கவில்லை. தேவிப்ரியா மேடம் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மாமா அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பாட ஆரம்பித்தேன். பிள்ளை காலைத் தரையில் தட்டினாள், தோளை ஆட்டினாள், இடது கையால் ஒவ்வொரு மணியாகக் கிள்ளி எடுத்து டப்பாவில் போட்டாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வலது கையை நீட்டச் சொன்னார். அது வரவில்லை. பாட்டை மறுபடி மறுபடி பாடினேன். விரல் துடிக்கிறது, பிரியவில்லை.

இடது கைக்கு ஒன்றும் வேண்டாம், வலதுக்கு ஆபரேஷன், ஜூன் முதல் வாரம் என்று சொல்லிவிட்டார். உடனே மாமா எழுந்து, "டாக்டர், இது இவ பாட்டுப் பாடுனதுனாலயா?" என்று கேட்டார். டாக்டருக்குக் கேள்வியே புரியவில்லை. "பாட்டு நல்லதுதானங்கய்யா, இன்னும் நெறையாப் பாடணும்" என்றார். மாமா உட்கார்ந்துவிட்டார். பிறகு பிள்ளையை இறக்காமல் ஆவூர் பஸ்ஸில் ஏறினார், நானும் ஏறினேன்; வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தார்.

இனி நான் சொல்ல வந்தது. தவக்காலத்தில் வீணாய்ப் போன அந்த நாட்கள் இருந்திருந்தால் வலது கையும் வந்திருக்குமா என்று டாக்டரிடம் நானும் கேட்க நினைத்தேன். வாய் வரை வந்தது, கேட்கவில்லை. வந்திருக்கும் என்று அவர் சொன்னால் ஆயுசுக்கும் உங்களை மன்னிக்க மாட்டேன். வந்திருக்காது என்று சொன்னால் எனக்கும் உங்களுக்கும் நடுவில் நடந்த அத்தனைக்கும் என்ன அர்த்தம்? நீங்கள் ஒன்று நினைப்பீர்கள். இடது கை உங்கள் நேர்ச்சையால் வந்தது, வலது கை நான் பாடியதால் போனது என்று. நான் அதையே திருப்பி வைத்து நினைப்பேன். இரண்டு பேரும் இப்படியே நினைத்துக்கொண்டிருந்தால், பிள்ளை பெரியவளாகித் தன் இரண்டு கையையும் பார்த்து, இது அப்பா கை, இது அம்மா கை என்று சொல்லிவிடுவாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை விட்டுவிடுவோம் என்று யாராவது ஒருத்தர் முதலில் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

ரஞ்சனி


ஓசூர்
29-4-2025

அன்புள்ள ரஞ்சனி,

நான் சொல்கிறேன். விட்டுவிடுவோம்.

நேற்று அப்பாவிடம் பேசினேன். இத்தனை வயதில் அவரிடம் குரல் உயர்த்தாமல், அதே சமயம் பயப்படாமல் பேசியது இதுதான் முதல் தடவை. "இனிமே பிள்ளை பேர்ல இந்த வீட்ல யாரும் எதையும் நேரக் கூடாதுப்பா. நேரணும்னா எம் பேர்ல நேர்ந்துக்குங்க" என்றேன். அதற்கு அவர், "ஜூன்ல எத்தனாந் தேதி?" என்று கேட்டார்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுவேன். லீவு கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன். கட்டுப் பிரித்த பிறகு வலது கைக்கும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும் இல்லையா. தாளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அது எனக்குத் தெரிந்த வேலை.

ஈஸ்டர் முடிந்த பிறகு ரூமில் பசங்க பாட்டுப் போட்டார்கள். எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன். மேஜையில் விரலால் தட்டலாம் என்று கையை எடுத்தேன். இலக்கியா பாட்டுக்கு என்ன நடை, எங்கே அடி விழும் என்று யோசித்தால், எனக்குத் தெரியவில்லை. ஜனவரியில் இருந்து அந்த வீட்டில் தினமும் பாடியிருக்கிறீர்கள். பிள்ளை தூங்கிய பிறகுதான் நான் போன் செய்வேன், சண்டை போட்டு வைப்பேன். என் பிள்ளையின் விரலைத் திறக்கிற பாட்டு என்ன பாட்டு என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காத பாட்டைத்தான் நிறுத்தச் சொன்னேன்.

அந்தப் பாட்டை எழுதி அனுப்பு ரஞ்சனி. வருவதற்குள் மனப்பாடம் பண்ணிவிடுகிறேன்.

பிராங்க்ளின்


ஆவூர்
4-5-2025

இலக்கியா அப்பாவுக்கு,

பாட்டை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரிக்கு மேல் வரவில்லை. "பெரியவரே, பெரியவரே, உள்ள என்ன வேலை?" (பெரியவர் என்றால் கட்டைவிரல்.) இவ்வளவுதான் வருகிறது. மறுவரிக்குக் கையைத் தட்ட வேண்டும், அதற்கு அடுத்த வரிக்குத் தோளைத் திருப்ப வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தால் எதுவும் நினைவுக்கு வருவதில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பாடினால் முழுசாக வருகிறது, எழுதத்தான் முடியவில்லை.

பிள்ளையிடம் கேட்டேன், அப்பாவுக்குப் பாட்டு வேண்டுமாம், என்ன செய்யலாம் என்று. "அப்பா வாரட்டும். கதவுக்கிட்ட பாயில ஒக்கார வச்சு, மொதல்ல பாக்கச் சொல்லு. அப்பறம் சேத்துக்கலாம்" என்றாள்.

வாருங்கள்.

ரஞ்சனி